பொமேடு: தலைக்குக் குளிக்காத காலத்தின் சரக்கு

ஆண்களுக்கான தலைமுடிப் பொருட்கள் விற்கும் அலமாரியில் ஜெல், வேக்ஸ், கிளே, கிரீம் என்று வரிசையாக இருக்கும் டப்பாக்களுக்கு நடுவே பொமேடு என்று எழுதிய டப்பாவும் இன்று இருக்கிறது. இரண்டு கம்பெனிகளின் பொமேடை வாங்கித் திறந்து பார்த்தால் குழப்பம்தான் வரும். ஒன்று மஞ்சளாக, கெட்டியாக, வாசலின் மாதிரி பிசுபிசுப்பாக இருக்கும். தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடும். இன்னொன்று கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். குழாயடியில் கையைக் காட்டினாலே கரைந்துபோகும். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

பழைய கணக்கில் பார்த்தால் முதல் டப்பாதான் பொமேடு. கொழுப்பு, எண்ணெய், மெழுகு இவற்றில் ஒன்றையோ பலவற்றையோ உருக்கிச் சேர்த்து, வாசனை ஏற்றி, ஆறவிட்டு எடுப்பது அது. அதன் முக்கியக் குணம், காயாது என்பது. ஜெல்லும் ஸ்ப்ரேயும் தலையில் பட்டபின் காய்ந்து மெல்லிய படலமாக இறுகிவிடும். அந்தப் படலம் உடைந்தால் அலங்காரமும் போயிற்று. பொமேடு காலையில் எப்படி இருந்ததோ மாலையிலும் அப்படியே மெழுகுப் பதத்தில் இருக்கும். கலைந்தால் சீப்பை எடுத்து ஒரு வாரு வாரினால் மறுபடி படிந்துவிடும். அந்தக் காலத்து ஆண்களின் சட்டைப் பையில் சீப்பு தவறாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இது வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. ஒரு முடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதன் மேற்பரப்பு வழவழப்பாகத் தெரிந்தாலும் மீன் செதில்போல் அடுக்கடுக்கான ஓடுகளால் ஆனது. உலர்ந்த, கழுவிய முடியில் அந்தச் செதில்களின் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்பதால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், முடி மங்கலாகத் தெரியும். மேலே எண்ணெய்ப் படலம் ஏறியதும் பரப்பு சமமாகி, வெளிச்சம் ஒரே திசையில் திரும்புகிறது. அதுதான் பளபளப்பு. பக்கத்துப் பக்கத்து முடிகளுக்கு நடுவே கொழுப்பு பாலம்போல் ஒட்டிக்கொள்வதால் அவை கூட்டாகப் படிகின்றன. அதுதான் பிடிமானம். மெழுகு கூடக்கூடப் பிடிமானம் கூடும், எண்ணெய் கூடக்கூடப் பளபளப்பு கூடும். பொமேடு காய்ச்சுபவரின் சாமர்த்தியம் முழுக்க இந்த இரண்டையும் எந்த அளவில் சேர்ப்பது என்பதில் இருக்கிறது.

பொமேடின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நடிகர்கள், பாடகர்கள், ராணுவ வீரர்களின் முடி அலங்காரத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அது போதாது என்று படுகிறது. இந்தப் பொருளைப் புரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும். அந்த ஊரில், அந்தக் காலத்தில், மக்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளித்தார்கள்? அந்தப் பதில் மாறிய போதெல்லாம் பொமேடும் மாறியிருக்கிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். லத்தீனிலும் இத்தாலிய மொழியிலும் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது இது. ஜான் ஜெரார்டு 1597இல் இங்கிலாந்தில் வெளியிட்ட மூலிகை நூலில், ஆப்பிள் சதை, பன்றிக் கொழுப்பு, பன்னீர் மூன்றையும் சேர்த்துச் செய்யும் ஒரு களிம்பைப் பற்றி எழுதியிருக்கிறார். கடைகளில் அதன் பெயர் பொமேட்டம். அது தலைக்கானது அல்ல, முகத்துக்கானது. தோலின் சொரசொரப்பைப் போக்க வைத்திருந்தார்கள். அப்புறம் ஆப்பிள் காணாமல் போனது, கொழுப்பு நிலைத்தது, களிம்பு முகத்திலிருந்து தலைக்கு ஏறியது.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான் அதற்கு உண்மையான வேலை கிடைத்தது. அந்தக் காலத்து ஓவியங்களில் சீமான்களும் சீமாட்டிகளும் வெள்ளை வெளேர் என்ற தலையோடு இருப்பதைப் பார்த்திருப்போம். எல்லாமே பொய்முடி என்று நினைத்துவிடுகிறோம். பொய்முடி வைத்தவர்கள் நிறையப் பேர்தான், ஆனால் பெண்களில் பெரும்பாலோர் சொந்த முடியிலேயே அதைச் செய்தார்கள். முதலில் பன்றிக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும் சேர்த்து, கிராம்பு, ஆரஞ்சுப்பூ, மல்லிகை என்று வாசனை ஏற்றிய பொமேட்டத்தை வேர்வரை தேய்ப்பார்கள். அதன்மேல் நன்றாக அரைத்துச் சலித்த மாவை, பெரும்பாலும் கோதுமை மாச்சத்தை, பஞ்சுத் திரளால் தட்டித் தட்டிப் போடுவார்கள். கொழுப்பு இருந்தால்தான் மாவு ஒட்டும். மாவு இருந்தால்தான் கொழுப்பு வழியாது. இரண்டும் சேர்ந்தால் முடிக்கு ஒரு தடிப்பும் சொரசொரப்பும் வரும். அதை வைத்துத்தான் 1770களின் கோபுரம் போன்ற கொண்டைகளை எழுப்பினார்கள். உள்ளே கம்பளியோ குதிரைமுடியோ திணித்த மெத்தை ஒன்று இருக்கும்.

இதைக் கேட்டதும் நமக்கு முகம் சுளிக்கும். வாரக்கணக்கில் கொழுப்பும் மாவும் தலையிலா? கொஞ்சம் பொறுத்து யோசித்தால் அதில் ஒரு நியாயம் தெரியும். குளிர் நாடு, வெந்நீர் போடுவது பெரும் வேலை, இடுப்புவரை நீண்ட முடி காய ஒரு பகல் ஆகும், ஈரத்தலையோடு இருந்தால் காய்ச்சல் வந்துவிடும் என்று மருத்துவர்களே நம்பினார்கள். போதாததற்கு, சாதாரண சோப்பு கடினநீரில் பட்டால் முடியில் வெள்ளையாகப் படிவு விட்டுவிடும். தண்ணீர் இல்லாமல் தலையைச் சுத்தமாக வைக்க வழி வேண்டியிருந்தது. மாவு அழுக்கையும் பழைய எண்ணெயையும் உறிஞ்சும், நெருக்கமான பல் வைத்த சீப்பால் வாரினால் அது வெளியே வந்துவிடும், பிறகு புதுக் கொழுப்பு. நவராத்திரிக் கொலுபோல் தலையை ஜோடித்துக்கொண்டவர்கள் சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று எழுதுவது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. அலங்காரமும் சுத்தமும் அவர்களுக்கு ஒரே வேலையாக இருந்தது.

அந்த ஜோடியைப் பிரித்தது ஒரு வரி. 1795இல் பிரிட்டனின் பிரதமர் இளைய வில்லியம் பிட், பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் திரட்ட, தலைக்கு மாவு போடுபவர்கள் ஆண்டுக்கு ஒரு கினி கட்டி உரிமம் வாங்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டைவிடக் கொஞ்சம் கூடுதல். அரச குடும்பத்துக்கும், குறைந்த வருமானம் கொண்ட பாதிரியார்கள் போன்ற சிலருக்கும் விலக்கு உண்டு. அதே வேளையில் கோதுமை விளைச்சல் குறைந்து ரொட்டிக்குத் தட்டுப்பாடு. ஊர் பசியில் இருக்கும்போது மாவைத் தலையில் கொட்டுவது பலருக்கு மனசாட்சியை உறுத்தியது. பெட்ஃபோர்டு பிரபுவும் அவருடைய நண்பர்களும் வரியை எதிர்த்து முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள்; அந்த வெட்டுக்கு அவர் பெயரே வந்துவிட்டது. சில ஆண்டுகளில் மாவு வேலைக்காரர்களின் சீருடையோடு ஒடுங்கிவிட்டது. சட்டம் மட்டும் 1869வரை ஏட்டில் இருந்தது.

மாவு போய்விட்டது, கொழுப்பு தங்கிவிட்டது. மாவு இல்லாத கொழுப்புக்குப் புதிதாக ஒரு காரணம் வேண்டியிருந்தது. முடி வளர்க்கும் என்று சொல்லி விற்கத் தொடங்கினார்கள். அதில் பெரும்புகழ் பெற்றது கரடிக் கொழுப்பு. கரடிக்கு உடல் முழுக்க அடர்ந்த முடி, ஆகவே அதன் கொழுப்பைத் தடவினால் நமக்கும் முளைக்கும் என்ற கணக்கு. 17ஆம் நூற்றாண்டு மருத்துவ எழுத்தாளர் நிக்கோலஸ் கல்பெப்பரே கரடிக் கொழுப்பு முடி உதிர்வதை நிறுத்தும் என்று எழுதிவைத்திருந்தார். லண்டனில் அட்கின்சன் என்ற வாசனைத் திரவிய நிறுவனம் கரடியையே சின்னமாக வைத்துக்கொண்டது. சரக்கு உண்மையானது என்று காட்ட, கரடியை அறுக்கப்போகிறோம் என்று விளம்பரம் செய்த கடைகளும் இருந்தன. டப்பாக்களில் நிஜமாக இருந்ததில் பெரும்பகுதி பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும்தான். அச்சிட்ட படங்களோடு வந்த அந்தப் பீங்கான் டப்பா மூடிகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

மக்காசர் எண்ணெய் இன்னொரு கதை. அலெக்சாண்டர் ரோலண்டு என்ற லண்டன் நாவிதர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் விற்கத் தொடங்கிய சிவந்த எண்ணெய் அது. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1819இல் வெளியிட்ட கவிதையொன்றில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யும் அளவுக்கு விளம்பரம் பரவியிருந்தது. மக்காசர் என்பது இன்றைய இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் உள்ள துறைமுகம். அங்கே கிடைக்கும் குசும் மர விதையிலிருந்து வடித்த எண்ணெய் என்று சொன்னார்கள். நம் நாட்டில் அரக்குப் பூச்சி வளர்க்கும் அதே மரம். பின்னாளில் புழங்கிய செய்முறைகளில் ஆலிவ் எண்ணெயோ விளக்கெண்ணெயோ அடிப்படை, சிவப்புக்கு ஒரு வேர்ச்சாயம், அவ்வளவுதான். எண்ணெய்த் தலை சாய்ந்து நாற்காலிகள் கறை படிந்ததால், சாயும் இடத்தில் ஒரு துணி விரிக்கும் வழக்கம் வந்தது. எண்ணெய்க்கு எதிரானது என்ற பொருளில் அதற்கு ஆன்டிமக்காசர் என்று பெயர். சொகுசுப் பேருந்திலும் விமானத்திலும் தலை சாயும் இடத்தில் இன்றும் ஒரு வெள்ளைத் துணி கிடக்கிறதே, அதுதான்.

பொமேடு என்ற சொல்லுக்கு வாசனைத் தொழிலில் இன்னொரு பொருளும் உண்டு. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. பிரான்சின் தெற்கே கிராஸ் என்ற ஊர். மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் பேர்போனது. இந்த இரண்டு பூக்களுக்கும் ஒரு விசேஷம், பறித்த பின்னும் மணிக்கணக்கில் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கொதிக்கவைத்தால் அது நின்றுபோகும், மணமும் கெடும். அதனால் அங்கே சூடே இல்லாத வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மரச்சட்டத்தில் பொருத்திய கண்ணாடித் தட்டின்மேல் சுத்தப்படுத்திய பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் கலந்து பூசுவார்கள். அதன்மேல் பூக்களைக் கையால் ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். மறுநாள் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ. மல்லிகைக்கு நாள்தோறும் மாற்ற வேண்டும், சம்பங்கி இரண்டு மூன்று நாள் தாங்கும். பருவம் முழுக்க இப்படியே மாற்றி மாற்றி அடுக்க, கொழுப்பு மணத்தைக் குடித்துக் குடித்துத் தெவிட்டிவிடும். அந்தக் கொழுப்புக்கும் பொமேடு என்றே பெயர். எத்தனை முறை பூ மாற்றினார்களோ அந்த எண்ணைச் சேர்த்து 36ஆம் எண் பொமேடு என்று தரம் சொல்வார்கள்.

அதை அப்படியே தலைக்கு விற்கலாம். அல்லது சாராயத்தில் அலசி, மணத்தை மட்டும் பிரித்து அத்தர் செய்யலாம். தலைக்குத் தடவும் களிம்பும் உயர்ந்த வாசனைத் திரவியமும் ஒரே தட்டிலிருந்து வந்த காலம் அது. நம் நாட்டிலும் எள்ளுக்கு நடுவே மல்லிகையைப் பரப்பி, எள் மணம் ஏறியபின் ஆட்டி எண்ணெய் எடுக்கும் முறை இருந்திருக்கிறது. அதே அறிவு, கொழுப்புக்குப் பதில் எள். பிறகு கரைப்பான் வைத்துப் பிரிக்கும் முறை வந்ததும் கிராஸின் கண்ணாடித் தட்டுகளுக்கு வேலை போயிற்று. இன்று உலக வாசனைத் தொழிலுக்கு மல்லிகைச் சாறு அனுப்பும் இடங்களில் தமிழ்நாடு முக்கியமானது. பிச்சிப்பூவும் குண்டுமல்லியும் இங்கே கரைப்பான் வழியாகத்தான் பிழியப்படுகின்றன.

விலங்குக் கொழுப்புக்கு ஒரு பெரிய குறை உண்டு, அது காறிப்போகும். கொழுப்பில் சாம்பிராணிப் பிசினைச் சேர்த்துக் காய்ச்சினால் கொஞ்ச நாள் தாங்கும் என்று மருந்துக்கடைக்காரர்கள் கண்டிருந்தார்கள். பருவத்துக்கு ஏற்பச் செய்முறையையும் மாற்றுவார்கள், கோடையில் கெட்டிக் கொழுப்பும் மெழுகும் கூடுதல், குளிர்காலத்தில் குறைவு. இந்தத் தொல்லை எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்த்தது பெட்ரோலியம். ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர் 1859இல் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். துரப்பணக் கம்பிகளில் படிந்து வேலையைக் கெடுக்கும் மெழுகை அங்கே கண்டார். அதைச் சுத்திகரித்துக் கிடைத்த பெட்ரோலிய ஜெல்லிக்கு 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். காறாது, நாறாது, விலையும் மலிவு. அதன்பின் பன்றியையும் கரடியையும் தேட வேண்டியிருக்கவில்லை. நாம் இன்று பழைய பாணி பொமேடு என்று சொல்வது உண்மையில் இந்த இரண்டாவது தலைமுறைதான்: பெட்ரோலிய ஜெல்லி, தேன்மெழுகு, கனிம எண்ணெய் (பெட்ரோலியத்திலிருந்து வடிக்கும் எண்ணெய்), வாசனை.

பொமேடுக்குக் கூடப்பிறந்தவர்கள் சிலர் உண்டு. பழைய விளம்பரங்களைப் படிப்பவர்களுக்காக ஒரு வரியில் சொல்லிவிடலாம். பிரில்லியன்டின் என்பது பளபளப்புக்கு மட்டுமான, பிடிமானம் குறைந்த எண்ணெய். தாடி மீசைக்கும் தடவுவார்கள். பேண்டலின் என்பது கொழுப்பே இல்லாத பிசின் நீர், குவின்ஸ் என்ற பழத்தின் விதையை ஊறவைத்த வழவழப்பிலிருந்து எடுப்பது, பெண்கள் நெற்றி முடியைப் படியவைக்க. இன்றைய ஜெல்லுக்கு அதுதான் பாட்டி. ஹங்கேரியப் பொமேடு என்றால் மீசை முறுக்கும் மெழுகு.

அமெரிக்காவின் கறுப்பின மக்களிடம் பொமேடு வேறு பொருள் கொண்டது. அதை நாகரிகக் கதையாகச் சுருக்குவது தவறு. சுருண்ட முடியில் தலையின் இயற்கை எண்ணெய் நுனிவரை இறங்காது, முடி உலர்ந்து ஒடியும். எண்ணெய்ப் பூச்சு அங்கே தேவை. 1867இல் லூசியானாவில் பிறந்த சாரா பிரீட்லவ், துணி துவைத்துப் பிழைத்தவர், தலைத்தோல் நோயால் முடி உதிர்ந்து அவதிப்பட்டார். வீட்டுக்குள் குழாய் இல்லாத ஏழை வீடுகளில் அடிக்கடி தலைக்குக் குளிக்க முடியாததும் இந்த நோய் பரவ ஒரு காரணம். அவர் 1906இல் மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய களிம்பில் பெட்ரோலிய ஜெல்லியும் கந்தகமும் இருந்தன. களிம்போடு சேர்த்து, தலையை அடிக்கடி கழுவ வேண்டும் என்ற பாடத்தையும் வீடு வீடாகப் போன அவருடைய விற்பனைப் பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வியாபாரம் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்குச் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொடுத்தது. 1920களில் சிகாகோவில் தொடங்கிய மர்ரேஸ் பொமேடும் அதே சமூகத்தின் சலூனிலிருந்து வந்ததுதான். ஆரஞ்சு நிற டப்பாவில் இன்றும் கிடைக்கிறது, கல்போலக் கெட்டி. கையில் வைத்துச் சூடு வரத் தேய்த்தால்தான் இளகும்.

பிரிட்டனில் 1928இல் பர்மிங்காமில் பிரில்கிரீம் பிறந்தது. கனிம எண்ணெயையும் தண்ணீரையும் தேன்மெழுகின் துணையோடு வெண்ணெய்போல் கலந்தது அது. தண்ணீர் சேர்ந்ததால் தடவ எளிது, கனமும் குறைவு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையினரைத் தரைப்படைக்காரர்கள் பிரில்கிரீம் பையன்கள் என்று கேலி செய்தார்கள். போர் முடிந்தபின் கிரிக்கெட் வீரர் டெனிஸ் காம்ப்டனின் முகம் அதன் விளம்பரத்தில் வந்தது. பிரில்கிரீம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. நம்மில் மூத்த தலைமுறைக்கு இந்த வகைப் பொருள் முழுவதற்கும் பிரில்கிரீம் என்ற ஒரே பெயர்தான்.

ஜப்பானில் இதற்கு ஈடான சரக்கு மேற்கிலிருந்து போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒருவகை மரக்கனியிலிருந்து எடுத்த மெழுகையும் கடுகினத்து எண்ணெயையும் சேர்த்துச் செய்த பின்ட்சுகே என்ற கெட்டிக் களிம்பால்தான் சாமுராய்களின் குடுமி நின்றது. 1871இல் குடுமியை விட்டுவிடலாம் என்று அரசாணை வந்தபின் அது சுமோ மல்லர்களோடு ஒதுங்கியது. இன்றும் அவர்களுக்கென்றே இருக்கும் முடி திருத்துபவர்கள் அதைத்தான் தடவுகிறார்கள். மல்லர் கடந்துபோனால் அந்த இனிப்பு வாசனை வரும் என்பார்கள். வெட்டிய முடிக்கு மேற்கத்திய பொமேடு வந்தது. 1979இல் ஜப்பானியப் பிள்ளைகளிடம் வாய் கிழிந்த பெண்பேய் ஒன்றைப் பற்றிய வதந்தி பரவியபோது, பொமேடு என்று மூன்று முறை சொன்னால் அது ஓடிவிடும் என்றார்கள். அப்பாக்களின் தலைவாசனை அவ்வளவு ஆழமாக அந்த நாட்டின் நினைவில் பதிந்திருந்தது.

சரி, இவ்வளவு வலுவாக இருந்த பொருள் ஏன் சாய்ந்தது? 1960களில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் வந்தார்கள், முடி நீண்டது, எண்ணெய் போயிற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முப்பது வருஷம் முன்பே அடித்தளம் ஆடிவிட்டது என்பது என் கணிப்பு. 1934இல் அமெரிக்காவில் புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் டிரீன் என்ற ஷாம்புவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சோப்பு இல்லாமல் செயற்கைச் சலவைப்பொருளால் செய்தது அது. கடினநீரிலும் நுரைக்கும், படிவு விடாது. குழாயும் வெந்நீரும் வீட்டுக்குள் வந்தன. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை தலைக்குக் குளித்தவர்கள் வாரம் ஒரு முறை, இரு முறை, பிறகு தினம் என்று மாறினார்கள். தினமும் கழுவும் தலைக்கு, கழுவினாலும் போகாத கொழுப்பு எதிரி. எண்ணெய்ப் பளபளப்பு சுத்தத்தின் அடையாளமாக இருந்த நிலை மாறி, அழுக்கின் அடையாளமானது. அமெரிக்காவில் ஒரு முரட்டு இளைஞர் கூட்டத்துக்குக் கிரீஸ் தடவியவர்கள் என்றே வசைப்பெயர் வந்தது. 1960களின் கடைசியில் ஜில்லெட் நிறுவனம் உலர்ந்த தோற்றம் என்பதையே பெயராக வைத்து ஒரு ஸ்ப்ரேயை விற்றது. தோல் மருத்துவர்களும் 1970இல் பொமேடு பரு என்ற ஒன்றை விவரித்து எழுதினார்கள். நெற்றி ஓரத்திலும் பொட்டிலும் எண்ணெய் இறங்கித் துளைகளை அடைத்து வரும் சிறுசிறு பருக்கள் அவை.

2010 வாக்கில் மறுபடி திரும்பியது. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே நீளம் விட்டு, வகிடு எடுத்துப் படிய வாரும் வெட்டு வந்ததும், அதைத் தாங்க ஜெல்லால் முடியவில்லை. ஆனால் திரும்பி வந்தவர்கள் தினமும் ஷாம்பு போடுபவர்கள். அதனால் பொமேடின் தோற்றமும் பளபளப்பும் வேண்டும், ஒரே அலசில் போகவும் வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிப் பெருகியதுதான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது டப்பா. அதில் இருப்பது தண்ணீரும், விளக்கெண்ணெயை வேதிமாற்றம் செய்து தண்ணீரில் கலக்கும்படி ஆக்கிய பொருட்களும். அமெரிக்காவின் சுவாவெசிட்டோ இந்த வகையில் பெயர் வாங்கியது. ரோட்டர்டாமின் ஸ்கோரம் சலூன்காரர்கள் கொண்டுவந்த ரூசல் இரண்டு வகையும் விற்கிறது. டச்சு மொழியில் ரூசல் என்றால் பன்றிக் கொழுப்பு, டப்பாவில் பன்றிப் படம், பழைய வகையின் உள்ளே இருப்பதோ பெட்ரோலிய ஜெல்லி. தண்ணீரில் கரைவதைப் பொமேடு என்று சொல்லலாமா என்று பழைய பாணி ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மறுபடி வாரினால் படிகிறது என்றால் சொல்லலாம் என்பது என் பக்கம். சில தண்ணீர் பொமேடுகள் மதியத்துக்குள் காய்ந்து ஜெல்லாகிவிடுகின்றன. அவற்றுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

தேங்காய் எண்ணெய் தடவி வாரிக்கொள்ளும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கேள்வி எழலாம். இரண்டும் செய்யும் வேலையே வேறு. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, முடியின் உள்ளே நுழையும். சலவையில் முடி இழக்கும் புரதத்தை அது குறைக்கிறது என்றும், கனிம எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்றும் 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் 24 டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடும் எண்ணெய் எதையும் பிடித்து நிறுத்தாது. பெட்ரோலிய ஜெல்லி உள்ளே போகவே போகாது, வெளியே உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். ஒன்று பராமரிப்பு, மற்றது அலங்காரம். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

நம் ஊர் வெயிலுக்குப் பொமேடு வாங்குபவர்கள் உருகுநிலையைப் பார்க்க வேண்டும். பெட்ரோலிய ஜெல்லி தரத்தைப் பொறுத்து 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் நெற்றியில் வழியும். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், கார்னாபா என்ற பனையிலையிலிருந்து எடுக்கும் மெழுகு 80ஐத் தாண்டும். உட்பொருள் பட்டியலில் இந்த மெழுகுகள் முன்னால் இருந்தால் நம் கோடைக்குத் தாங்கும். பட்டியலின் முதல் சொல்லே தண்ணீர் என்றால் அது கரையும் வகை. பெட்ரோலேட்டம், அதாவது பெட்ரோலிய ஜெல்லி, என்றால் பழைய வகை.

பழைய வகையைத் தடவுவதற்கும் ஒரு முறை உண்டு. சுண்டுவிரல் நகம் அளவுக்கு எடுத்தால் போதும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கட்டி இல்லாமல் இளகும்வரை தேய்த்து, முழுக்க உலர்ந்த அல்லது லேசான ஈரம் உள்ள முடியில் வேரிலிருந்து நுனிக்குக் கொண்டுபோக வேண்டும். சொட்டச் சொட்ட ஈரமான தலையில் ஒட்டாது. முன்முடியில் ஆரம்பித்தால் அங்கேயே எல்லாம் அப்பிவிடும், ஆகவே பின்னந்தலையில் தொடங்குவது நல்லது. பிறகு சீப்பு. நெற்றியோரத்தைத் துணியால் துடைத்துவிட்டால் பரு பயம் குறையும்.

எடுப்பதுதான் பலருக்குத் தெரியாமல் திணறுவது. தலையை நனைத்துவிட்டு ஷாம்பு போட்டால் மூன்று முறை போட்டாலும் பிசுக்கு அப்படியே நிற்கும். தண்ணீரே படாமல், காய்ந்த தலையில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தாராளமாக ஊற்றிப் பத்து நிமிஷம் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். கொழுப்பைக் கரைப்பது கொழுப்புதான். மெழுகு இளகி எண்ணெயோடு கலந்தபின் சீயக்காயோ ஷாம்புவோ போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் போய்விடும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். மறுநாள் அந்த முடி இன்னும் சொன்னபடி கேட்கும். பழைய பாணிப் பொமேடு தடவுபவர்களில் பலர் வேண்டுமென்றே அந்த மிச்சத்தை விட்டுவைக்கிறார்கள்.